மௌன உடன்படிக்கையும் மஞ்சக்குப்பம் கோர்ட்டும்

தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்த கடலூரில், மஞ்சக்குப்பம் நியாயஸ்தலத்தின் முன் 1869-ஆம் ஆண்டில் வந்த ஒரு வழக்கைத் தமிழிலக்கிய சரித்திரம் இன்றளவும் மறக்கவில்லை. வள்ளலார் எனப்படும் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த ‘திருவருட்பா’ 1867-இல் வெளிவந்தபின், உயிரோடிருக்கும் ஒருவருடைய பாடல்களுக்கு அப்பெயர் தகுமோ என்ற விவாதம் மூண்டு, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அதனை மறுத்து எழுதினார். அவருக்கும் சிதம்பரம் தீட்சிதர்களுக்கும் சிவதீட்சையையும் பூஜை முறையையும் பற்றிய பிணக்கு வேறு இருந்தது. இந்த நிலையில், ஆனி உத்தர உற்சவத்தையொட்டிச் சிதம்பரம் ஆலயத்தின் பேரம்பலத்தில் கூடிய சபையில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று, வடலூர் இராமலிங்க சுவாமிகள் மீதும் தீட்சிதர் சிலர் மீதும் நாவலர் மஞ்சக்குப்பத்தில் பிராது கொடுத்தார். வழக்கு முடிந்த விதத்தை வள்ளலாரின் அடியார்கள் ஒருவிதமாகவும், நாவலர் மரபினர் வேறுவிதமாகவும் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த வேற்றுமையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

நமக்கு வேண்டுவது அவ்வழக்கின் அமைப்பு. சொல் முதலில் பிறந்தது. அதனால் மானம் கெட்டதென்று ஒருவர் கருதினார். பிறகே நியாயஸ்தலம் அழைக்கப்பட்டது. பேசமாட்டேன் என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஆதலால் தீர்ப்புக்குப் பிறகும் இரு கட்சியாரும் கண்டனமும் மறுப்பும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். நூற்றாண்டு திரும்பியபின் சென்னை நியாயஸ்தலத்திலும் அதே அருட்பாப் பூசல் மீண்டும் வழக்காயிற்று. நம் காலத்தில் சமய ஸ்தாபனங்கள் கைக்கொள்ளும் உபாயம் இதற்கு நேர்மாறானது. ஸ்தாபனத்தை விட்டு மனக்கசப்போடு வெளியேறும் ஒருவருக்கு ஒரு தொகையைக் கொடுத்து, ‘இங்கு நான் கண்டதையும் அனுபவித்ததையும் எவரிடமும் சொல்லேன், சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு தண்டம் கட்டுவேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்வது அந்த உபாயம். சொல் பிறக்குமுன்பே அதன்மீது பூட்டுப் போட்டாகிறது. அப்படிக் கையெழுத்திட்டவர் பின்னர் வாய் திறந்தால், ஸ்தாபனம் மஞ்சக்குப்பம் போன்றதொரு கோர்ட்டின் படியேறி அந்த மௌனத்தை நிறைவேற்றித் தரும்படி கேட்க முடியுமா, கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதே என் வினா.

இந்தக் கேள்விக்கு உலகம் அறிந்த பெரிய உதாரணம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஸயன்டாலஜி என்ற மத ஸ்தாபனத்தில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து, அதன் நிறுவனர் ரான் ஹப்பர்டின் வாழ்க்கை வரலாற்றுக்கான பத்திரங்களைச் சேகரிக்கும் பொறுப்பிலிருந்த ஜெரி ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர், அப்பத்திரங்கள் காட்டிய உண்மையும் ஸ்தாபனம் பிரசாரம் செய்த சரித்திரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கண்டு 1981-இல் வெளியேறினார். பத்திரங்களைக் கொண்டுபோனார் என்று அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி பிரெக்கன்ரிட்ஜ் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆனால் 1986 டிசம்பரில், அவரும் அதே வக்கீல் மூலம் வழக்காடிய வேறு பலரும் ஸ்தாபனத்தோடு ராஜிக்கு வந்தார்கள். அவருக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 8 லட்சம் டாலர். அதற்கு ஈடாக ஸ்தாபனத்தைப் பற்றிய தம் அனுபவங்களை அவர் பேசவோ எழுதவோ கூடாது. மீறும் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 டாலர் செலுத்த வேண்டும். தாம் மறுத்தால் மற்றவர்களுடைய ராஜியும் குலைந்துபோகும் என்ற நெருக்கடியில் கையெழுத்திட்டதாக அவர் பிற்காலத்தில் வாதித்தார். அவர் பேசினார்; ஸ்தாபனம் வழக்குத் தொடுத்தது; 1995-இல் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டிக் கோர்ட்டு அவர் பேசக்கூடாதென்று நிரந்தரத் தடையுத்தரவு பிறப்பித்தது; 2004-இல் அதே கோர்ட்டு அவர் 5 லட்சம் டாலர் கொடுக்கவேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. தம் வாழ்நாளின் ஒரு பகுதியைப் பற்றித் தாமே பேசுவதற்கு ஒரு மனிதர் தடவைக் கணக்கில் விலை கொடுக்கவேண்டியதாயிற்று.

அதே பத்திரம் கடலூர் சப்கோர்ட்டில் தாக்கலானால் என்ன ஆகும்? நம் நாட்டில் இத்தகைய ராஜி பெரும்பாலும் இரண்டு உருவங்களில் வரும். ஒன்று, வழக்கு நடக்கும்போதே ராஜி மனு கொடுத்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் ஆணை 3-ஆம் விதியின்படி டிக்கிரியாக்கிக்கொள்வது. மற்றொன்று, கோர்ட்டுக்கு வெளியே முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு, மீறும்போது புதிதாக வழக்குப் போடுவது. முதலாவதற்குப் பலம் அதிகம். டிக்கிரியை மீறியவருடைய சொத்தை ஜப்தி செய்யலாம். சிவில் சிறையிலும் வைக்கலாம். மற்ற டிக்கிரிகளை நிறைவேற்ற 12 ஆண்டு என்ற காலவரம்பிருக்க, நிரந்தரத் தடையாணை டிக்கிரிக்கு அந்த வரம்பும் இல்லை. இளமையில் ஆசிரமத்தை விட்டு வந்தவர் முதுமையில் தம் பேரனிடம் சொன்ன கதைக்காகக்கூட நிறைவேற்றல் மனு வரலாம் என்பதே இதன் பொருள். இத்தனை நீண்ட கரம் படைத்த ஆணையைக் கையொப்பம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கோர்ட்டு பிறப்பிக்கலாகாது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். சட்டத்தின் வாசகமும் அதற்கே இடம் தருகிறது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், ராஜி எழுத்தில் இருக்கவேண்டும், கட்சிக்காரர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று விதித்ததோடு, ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாததோ செல்லாததாக்கத் தக்கதோ ஆன உடன்பாடு சட்டபூர்வமான ராஜியாகாது என்றும் விளக்கம் சேர்த்தது. ஆகவே நீதிபதி கையெழுத்தை மாத்திரம் பார்த்து டிக்கிரி எழுத முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷரத்தையும் படித்தாக வேண்டும்.

முதலில் தண்டத்தொகை. ‘தடவைக்கு இவ்வளவு’ என்று பத்திரத்தில் எத்தனை பெரிய எண்ணை எழுதினாலும், 74-ஆம் பிரிவு அதை உச்சவரம்பாக மாத்திரமே ஏற்கும்; கோர்ட்டு கொடுப்பது அந்த வரம்புக்குட்பட்ட நியாயமான நஷ்டஈடு. பதேசந்து வழக்கில் 1963-இலும் கைலாஸ்நாத் வழக்கில் 2015-இலும் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. நஷ்டமே இல்லாதவிடத்து ஈடும் இல்லை. ஒரு முன்னாள் அங்கத்தினர் தம் அனுபவத்தைச் சொன்னதால் மடத்துக்கு என்ன நஷ்டம்? காணிக்கை குறைந்தது என்று வாதித்தால், குறைந்த காரணம் அவர் சொன்ன செய்தி உண்மையாயிருப்பதாலா பொய்யாயிருப்பதாலா என்ற கேள்வி உடனே எழும். பொய் என்றால் அவதூறு வழக்கின் பாதை தனியே திறந்திருக்கிறது. உண்மை என்றாலோ, ஸ்தாபனம் தன் குறையை அறிந்த பக்தர்களின் விலகலுக்கு ஈடு கேட்கிறது. அமெரிக்கக் கோர்ட்டில் தடவைக்கு 50,000 டாலர் என்று எண்ணிய கணக்கு இங்கே நிற்பது கடினம்.

அடுத்தது தடையாணை. எதிர்மறை வாக்குறுதியைக் காக்கத் தடையாணை கொடுக்கலாம் என்று 1963-ஆம் ஆண்டுக் குறித்த பரிகாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆனால் கேட்பவர் தம் பக்கத்துக் கடமையைத் தவறாமல் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. சமய ஸ்தாபனங்கள் வழுக்குமிடம் இதுவே. வெளியேறியவர் பேசக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அவரைத் துரோகி என்றும் ஒழுக்கங்கெட்டவர் என்றும் தங்கள் மாத சஞ்சிகையிலும் மேடையிலும் வர்ணிப்பது பல தேசங்களிலும் கண்ட வழக்கம். பரஸ்பர மரியாதையை வாக்களித்துவிட்டு அதனை மீறிய கட்சிக்கு மௌனத்தை வாங்கிக்கொடுக்க எந்த நீதிபதியும் கடமைப்பட்டவர் அல்லர்.

இவற்றையெல்லாம்விட ஆழமான கேள்வி, கையெழுத்திட்டவருடைய சம்மதம் சுதந்திரமானதா என்பது. பலர் இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிப்போகிறார்கள். நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஸ்தாபனத்தின் பிடியிலிருந்து விடுபட்டவரின் மனத்தில் அந்தப் பிடியின் தழும்பு எத்தனை காலம் இருக்கும் என்பதை இங்கிலாந்தின் ஆல்கார்ட் - ஸ்கின்னர் வழக்கு 1887-இலேயே பரிசீலித்தது. ஆல்கார்ட் என்ற பெண்மணி 1871-இல் ஒரு கிறிஸ்துவக் கன்னியர் சங்கத்தில் முழு அங்கத்தினராகச் சேர்ந்து, தம் சொத்தின் பெரும்பகுதியைத் தலைவியிடம் ஒப்படைத்தார். தலைவியின் சொல்லை ஈசுவரனுடைய சொல்லாகவே கொள்ளவேண்டும், அவர் அனுமதியின்றி வெளியார் எவரிடமும் யோசனை கேட்கக்கூடாது என்பவை அச்சங்கத்தின் விதிகள். 1879-இல் சங்கத்தை விட்டவர் 1885-இல்தான் எஞ்சிய சொத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். தலைவி சுயநலத்துக்காக எதையும் செய்யவில்லை என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆயினும் வெளியார் யோசனையை அடைத்துவிட்ட நிலையில் கொடுத்த கொடை நிலைக்காது என்று கண்டார்கள். ஆனால் லிண்ட்லி, போவன் ஆகிய இருவரும் அவர் ஆறு ஆண்டு வாளாவிருந்ததைக் காரணம் காட்டி வழக்கைத் தள்ள, காட்டன் ஒருவரே அவருக்குச் சொத்தைத் திருப்பியிருக்க வேண்டும் என்றார். அந்த ஆறு ஆண்டுத் தாமதத்தைக் காட்டனைப்போலப் பரிவோடு பார்க்கவே என் மனம் விரும்புகிறது. குருவென்று வணங்கிய ஒருவருக்கு எதிராகப் பேசலாம் என்று உணர்வதற்கே ஒரு மனிதருக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான தீர்ப்பு உண்டு. மறுமைப் பயனைக் கருதித் தம் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிவைத்த முதியவர் பின்னர் அதை ரத்து செய்யக் கேட்ட மன்னுசிங் வழக்கில், அலகாபாத் ஹைகோர்ட்டு 1890-இல், குரு - சிஷ்ய உறவே செல்வாக்குக்குச் சான்று என்றும், பத்திரம் சுயசம்மதத்தோடு எழுதப்பட்டதென்று நிரூபிக்கும் பாரம் குருவின்மீதே விழும் என்றும் கொண்டது. கொடைப் பத்திரத்துக்குச் சொன்ன இந்த நியாயம் மௌனப் பத்திரத்துக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். சொத்தைக் கொடுத்தவர் வறியவராகலாம். அதை இன்னொருவரிடம் சொல்லி அழவாவது முடியும். வாக்கையே கொடுத்தவர் தம் இடர்ப்பாட்டை உணர்த்தும் கருவியையே இழந்துவிடுகிறார். ஆகவே கையெழுத்திட்டவருக்கென்று ஒரு வக்கீல் இருந்தாரா, யோசிக்க நாள் கொடுக்கப்பட்டதா, பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஸ்தாபனத்துக்குள்ளேயே இருக்க, அவர்களைப் பார்க்கும் அனுமதி அந்தக் கையெழுத்தைச் சார்ந்திருந்ததா என்ற மூன்றையும் விசாரியாமல் ராஜியைப் பதிவு செய்வது முறையாகாது.

குற்றம் சம்பந்தப்பட்ட இடத்தில் சட்டம் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. குற்றத்தை மறைப்பதற்காகக் கைமாறிய பணம் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாத பிரதிபலன். உரிமைக்காக நியாயஸ்தலம் போவதைத் தடுக்கும் ஷரத்து அதன் 28-ஆம் பிரிவின்படி செல்லாது. குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே தீரவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது; தெரிவியாமை தண்டனைக்குரியது. அத்தகைய வழக்கைக் கட்சிக்காரர்களின் ராஜியைக் காட்டி ரத்து செய்ய முடியாதென்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு ராஜஸ்தான் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தத் தெளிவு எங்கும் எளிதில் வந்துவிடவில்லை. பாஸ்டன் உயர்மறைமாவட்டம் பாதிக்கப்பட்டோருக்குப் பணம் கொடுத்து வாயடைத்த கதைகள் 2002-இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகே, அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் டல்லஸ் நகரில் கூடி, பாதிக்கப்பட்டவரே விரும்பிக் கேட்டாலன்றி இரகசிய ஷரத்து வைப்பதில்லை என்று உறுதிகொண்டார்கள். 2019 டிசம்பரில் போப் பிரான்சிஸ் இத்தகைய வழக்குகளிலிருந்து திருச்சபையின் ‘பாப்பரசர் இரகசிய’ விதியை நீக்கினார். புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டம் உட்பட உலகத் திருச்சபை முழுவதையும் கட்டுப்படுத்தும் விதி அது.

இங்கே ஒரு செய்தி. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் காத்தது. கணவன் மனைவி பேச்சையும் காத்தது. குருவிடமோ பாதிரியாரிடமோ சொன்னதற்கு அத்தகைய காப்பை அது தனியே கொடுக்கவில்லை. சட்டமே காவாத இரகசியத்தை ஒப்பந்தம் காக்கும் என்று நம்பி ஒருவர் சாட்சிக் கூண்டில் மௌனமாக நிற்க முடியாது. சம்மன் வந்தால் சொல்லியே ஆகவேண்டும்.

சிதம்பரத்தின் நிலைமை இவ்விஷயத்தில் தனித்த பாடம் தருகிறது. பொது தீட்சிதர்கள் ஒரு தனிச் சமயப் பிரிவினர் என்பதைச் சென்னை ஹைகோர்ட்டு 1951 டிசம்பரில் ஏற்றது. கோயில் நிர்வாகத்தை அரசு நிர்வாக அதிகாரியிடம் காலவரம்பின்றி ஒப்படைக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014 ஜனவரி 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. விவாகமான ஆண்மகனே அந்தச் சபையில் உரிமையும் பூஜை முறையும் பெறும் பழைய சம்பிரதாயம் இன்றும் நிலவுகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே, 1890 மார்ச்சில், நீதிபதிகள் முத்துசாமி ஐயரும் ஷெப்பர்டும் வேறொன்றைத் தீர்த்து வைத்திருந்தார்கள்: கோயில் தங்கள் சொந்தச் சொத்து என்ற தீட்சிதர்களின் வாதத்தை ஏற்காமல், அது நெடுங்காலமாகப் பொதுமக்கள் வழிபடும் தலம் என்றார்கள். இவ்விரு வகைத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் எல்லை தெரியும். வழிபாட்டு முறையும் உட்சபை ஒழுங்கும் பிரிவினருக்கு உரியவை. நகை, நிலம், காணிக்கை, கணக்கு ஆகியவை ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டியவை. நான் தீட்சிதர்களை மாத்திரம் கருதி இதைச் சொல்லவில்லை. மடம், ஆசிரமம், சபை, சங்கம் எதுவாயினும், கணக்கு எழுதிய முன்னாள் ஊழியரின் வாயைத் தனிப்பட்ட ஒப்பந்தத்தால் கட்டுவது, பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாகப் பாவிப்பதேயாகும்.

அப்படியானால் எதையும் இரகசியமாக வைக்கக்கூடாதா என்றால், வைக்கலாம். கொடுத்த தொகை எவ்வளவு என்பது, ஸ்தாபனத்தின் வசமிருந்த மற்ற அங்கத்தினர்களின் அந்தரங்கக் கடிதங்கள், ஆறுதல் தேடி வந்தவர்களின் பெயர், வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் ஆகியவற்றைக் காக்கும் ஷரத்தை எந்தக் கோர்ட்டும் மனமுவந்து நிறைவேற்றலாம். ஒருவருடைய அந்தரங்கம் அவருடைய அடிப்படை உரிமை என்பதை 2017-இல் புட்டசாமி வழக்கு நிலைநாட்டியது. அதற்கு முன்பே, 1994-இல், கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதத்தை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு மூன்று விதிகளைச் சேர்த்துச் சொல்லிற்று: தனி மனிதரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது, ஆனால் பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்ட செய்தியை எழுதத் தடையில்லை, அதிகாரிகள் தங்களைப் பற்றிய எழுத்தை வெளிவருமுன் தடுக்கவும் முடியாது. இந்த இரண்டாவது விதியில் மௌனப் பத்திரம் எழுதுவோர் கவனியாத ஒரு விளைவு அடங்கியிருக்கிறது. பத்திரத்தை நிறைவேற்றக் கேட்பவர் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவேண்டும். மீறப்பட்ட வாக்கியம் எது என்றும் எழுதிக் காட்டவேண்டும். கோர்ட்டு தனியறை விசாரணைக்கு உத்தரவிட்டாலொழிய அவை பதிவேட்டில் ஏறும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ராஜிப் பத்திரத்தை உலகம் அறிந்ததும் ஸ்தாபனம் தொடுத்த வழக்குகளாலேயே.

கேரளத்தில் ஒரு கன்னிகாஸ்திரீ மடத்தை விட்டு வந்து 2009-இல் ‘ஆமென்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டார்; அவர் சிஸ்டர் ஜெஸ்மி. சபையிலிருந்து நீக்கப்பட்ட சிஸ்டர் லூசி களப்புரையின் நூலை நிறுத்தக் கோரி 2019 டிசம்பரில் வந்த மனுவைக் கேரள ஹைகோர்ட்டு ஏற்கவில்லை. துறவற வாழ்க்கையைப் பற்றித் துறவியாக வாழ்ந்தவர் எழுதுவதைவிட அச்சபைக்குப் பயன்படும் விமரிசனம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன். வெளியிலிருந்து பழிப்பவனுக்குத் தெரியாத ஒளியையும் இருளையும் அவர் ஒருங்கே அறிவார். அத்தகைய எழுத்தை முன்கூட்டியே பணத்தால் தடுத்திருந்தால் நஷ்டம் வாசகனுக்கு மாத்திரமன்று, அடுத்து அந்த வாசலில் நுழையப்போகும் பெண்ணுக்குமாகும்.

இப்போது மத்தியஸ்தச் சட்டம் 2023 வந்திருக்கிறது. மத்தியஸ்தர் முன் பேசியவை இரகசியம் என்பது அதன் 22-ஆம் பிரிவு. குடும்ப வன்முறை, குழந்தைக் கொடுமை, குற்றம் செய்யப்போவதாக மிரட்டல் ஆகியவற்றை வெளியிடலாம் என்று அச்சட்டமே விலக்கும் அளித்திருக்கிறது. அங்கே எழுதும் ராஜி கோர்ட்டு டிக்கிரிக்கு நிகராக நிறைவேறும். கடலூர் கோர்ட்டு வளாகத்திலோ சிதம்பரத்திலோ இத்தகைய ராஜியைத் தயாரிக்கும் வக்கீல்கள், பேச்சுவார்த்தையின் இரகசியத்தையும் வாழ்க்கையின் இரகசியத்தையும் ஒரே ஷரத்தில் கலந்துவிடாமல், முன்னதைக் காத்துப் பின்னதைத் திறந்துவிட்டு எழுதவேண்டும். கட்சிக்காரர் போலீசிடமும் கோர்ட்டிலும் அறநிலையத் துறையிலும் பேசத் தடையில்லை என்ற வாசகத்தை எழுதாமல் கையெழுத்து வாங்கலாகாது.

இத்தனைக்கும் பின்னால், பணத்தைவிடப் பெரிய நிர்ப்பந்தம் ஒன்று நிற்கிறது. பேசினால் விலக்கி வைப்போம், உறவினர் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வரமாட்டார்கள் என்ற பயமே பல கையெழுத்துகளை வாங்கித் தருகிறது. பம்பாய் ராஜ்யம் 1949-இல் சமய விலக்கைத் தடுக்கச் சட்டம் செய்தது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1962 ஜனவரியில் அதைச் செல்லாதென்று நீக்கியது. ஐவரில் நால்வர் அவ்வாறு கூற, தலைமை நீதிபதி சின்ஹா ஒருவரே, விலக்கப்பட்ட மனிதனின் கண்ணியத்தைக் காக்கும் சட்டம் அது என்று மாறுபட்டு நின்றார். அத்தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கருதி, விஷயத்தை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சின்ஹாவின் கருத்து அந்த அமர்வில் ஏற்கப்படுமானால், விலக்கின் பயத்தில் எழுதிக்கொடுத்த மௌனப் பத்திரத்தை ஒரு முன்சீப்பிடம் நீட்டும் ஸ்தாபனம், அந்தக் கையெழுத்து எந்தச் சூழ்நிலையில் கிடைத்தது என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டிவரும்.